பொருள்வயிற் பிரிவும் மகப்பேறும்: நகரத்தார் மணமுறை குறித்து ஒரு நோக்கு

ஆடவன் மனைவியைப் பிரிந்து செல்லும் பிரிவுகளைத் தொல்காப்பியர் அகத்திணையியலில் வகைப்படுத்திக் கூறுகின்றார். பொருள் தேடப் பிரிவதும் அவற்றுள் ஒன்று. அவ்வியலிலேயே, கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் அவர் குறித்துச் செல்கின்றார். வகுப்பறையில் நாம் இந்நூற்பாவைப் பாலைத்திணையின் இலக்கணமாகக் கற்பிக்கிறோம். தலைவியின் துயர், தோழியின் தேற்றுரை என்பவற்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. தலைவன் ஆண்டுக்கணக்கில் கடலுக்கு அப்பால் இருப்பின் அவ்வில்லத்தில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை என்னவாகும் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலப்பதிகாரத்தை இக்கண்கொண்டு நோக்கினால் ஒன்று புலப்படும். கோவலன் மாசாத்துவான் மகன். கண்ணகி மாநாய்கன் மகள். இருவரும் புகார் நகரத்துப் பெருவணிகக் குடியினர். கண்ணகிக்கு மகப்பேறில்லை. கோவலன் உடனுறைந்த மாதவிக்கு மணிமேகலை பிறந்தாள். கணவன் இல்லாத வீட்டில் மகவு இல்லை என்பதற்கு அப்பால் இதில் மறைபொருள் தேடவேண்டிய தேவையில்லை. ஆயினும், வாழ்க்கையில் இவ்வெளிய காரணத்தை விட்டுவிட்டுக் குலசாபம், நாகதோடம், பெண்ணின் மலட்டுத்தன்மை, நெருங்கிய உறவில் மணம் செய்ததால் வந்த வித்துக்குறை என்று பலவற்றையும் கூறுவது நம் மக்களின் வழக்கமாக இருந்துவருகிறது. இதற்கு மிகச் சிறந்த சான்று நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாற்றில் கிடைக்கிறது.

நகரத்தார் குடியில் சுவீகாரம் மிகுதி என்பது தமிழகம் அறிந்த செய்தி. அவர்கள் இதனைப் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பர். பெருஞ்செல்வர் வீடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளை கூட்டிய வரலாறுகள் உண்டு. ‘இத்தனை செல்வம் இருந்தும் பிள்ளையில்லையே’ என்னும் இரக்கமும், ‘அக்குலத்து ஆண்களுக்கே ஏதோ குறை’ என்னும் ஏளனமும் இதிலிருந்தே பிறந்தன. இவ்வேளனத்துக்கு அடிப்படை உண்டா?

நகரத்தாரின் மரபு வரலாறே ஆண்-பெண் எண்ணிக்கை குலைந்த கதையொன்றில் தொடங்குவது வியப்புக்குரியது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தபோது பூவந்திச் சோழன் தம் குலப் பெண்களைச் சிறைப்பிடித்தான் என்றும், அதனால் எண்ணாயிரம் குடும்பத்தினரும் உயிர்நீத்தனர் என்றும், மடத்தில் குருவிடம் கல்வி பயின்றுகொண்டிருந்த 1502 சிறுவர் மட்டுமே எஞ்சினர் என்றும் அம்மரபு கூறும். அச்சிறுவர் வளர்ந்தபின் வேளாளப் பெண்களை மணந்து குலத்தைத் தழைக்கச் செய்தனராம். பிற்பாடு பாண்டிநாடு புகுந்து இளையாற்றங்குடியில் குடியேறினர் என்பர். இதனை வரலாறாகக் கொள்வதா கதையாகக் கொள்வதா என்பது வேறு. ஒரு வணிகக் குடி தன் தோற்றத்தை நினைக்கும்போதே, ‘ஆண்கள் இருந்தனர், பெண்கள் இல்லை’ என்று நினைக்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கோயிலும் புள்ளியும்

இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது ஊர்களின் சிவன் கோயில்கள் நகரத்தாரின் குலப்பிரிவுகளாக அமைந்துள்ளன. ஒரு கோயிலைச் சேர்ந்தோர் தம்முள் பங்காளிகள். உட்பிரிவுகள் உள்ள சில கோயில்களை விட்டுப் பார்த்தால், ஒரே கோயிலார் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் இரணியூர்க் கோயிலாரும் உடன்பிறந்தார் முறையினர் ஆகலின் அவர்களிடையேயும் மணம் இல்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் வேறு கோயிலாரோடு, ஆனால் குலத்துக்குள்ளேயே. முன்னர்த் தொண்ணூற்றாறாக இருந்து இன்று எழுபத்தாறாக நின்றுள்ள ஊர்களுக்குள்ளேயே சம்பந்தம் தேடவேண்டும். மாமன் மகள், அத்தை மகள் என்னும் முறைப்பெண்ணுக்கு அங்கு முதலுரிமை இருந்தது.

மணநாளில் மணமகன் கோயிலிலிருந்தும் மணமகள் கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் அம்மணம் குலத்தாரால் ஏற்கப்பட்டதாகும். ‘இசைகுடிமானம்’ என்னும் மண ஓலை எழுதப்படும். மணம் முடிந்த கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஒரு புள்ளி’ எனக் கோயிலில் கணக்கிடப்படுவர். புள்ளிக்கு வரி உண்டு. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதற்கு ஆங்கிலேயர் வந்தாக வேண்டியிருந்தது என்று கருதுவோர் இப்புள்ளிக் கணக்கை அறிந்திருத்தல் நலம்.

இதனினும் சுவையானது ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கம். வெளியிலிருந்து பார்ப்போர்க்குச் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் பெரிய கூட்டுக்குடும்பமாகத் தோன்றும். உள்ளே சென்றால் வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாகப் பிரிந்திருக்கும். மணமான மகனுக்கு ஆண்டுக்குரிய அரிசி, பருப்பு முதலியன அளந்து கொடுத்து, தனி உலை வைக்கச் செய்துவிடுவர். ஒரே கூரையின்கீழ் நான்கு அடுப்புகள் எரியும். கணவன் இரங்கூனில் இருக்கும்போதும் அவ்வடுப்பை எரித்தவள் ஆச்சி. வரவு செலவு, கொடுக்கல் வாங்கல், பெண்மக்களின் மணப்பேச்சு அனைத்தையும் அவளே நடத்தினாள். அவள் கொணர்ந்த சீதனம் ‘ஆச்சிமார் பணம்’ என்னும் பெயரில் கடையில் வட்டிக்கு ஏறியது. ஆக, திருமணம் என்பது இரு குடும்பங்களின் உறவு மட்டுமன்று. முதல் திரட்டும் வழியும் ஆயிற்று.

மூன்றாண்டுக் கணக்கு

1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் காடு திருத்தி நெல் விளைவிக்கப் பர்மியக் குடியானவர்க்குக் கடன் தேவைப்பட்டது. அதனைக் கொடுத்தவர் நகரத்தார். 1929-30இல் பர்மிய மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் இருந்த கடைகள் வேறு.

இக்கடைகளைப் பெரும்பாலும் நடத்தியவர் முதலாளியல்லர். சம்பளத்துக்குச் சென்ற மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையன்களுமே. அவர்களுக்கு மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பி, ஓரிரண்டு ஆண்டு தங்கி, மீண்டும் கப்பலேறுவர். இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகள் முழுவதும் ஆடவர் உலகம். ஒரு நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் ஒரு சாய்மேசையும், பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை, பொதுச் சமையல். மனைவியரை அழைத்துச் செல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. தொல்காப்பியர் கூறிய வழக்கு இருபதாம் நூற்றாண்டிலும் அப்படியே நின்றது.

இனி ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கிய மாணவர் கணக்கைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

பெண்ணொருத்தி பதினெட்டு வயது முதல் முப்பத்தெட்டு வயது வரை இருபது ஆண்டுகள் மகப்பேற்றுக்குரியவள் எனக் கொள்வோம். கணவன் உடனிருந்து, இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தை எனப் பிறப்பின் எட்டுக் குழந்தைகள். கணவன் மூன்றாண்டு வெளியிலும் இரண்டாண்டு ஊரிலுமாக இருப்பின் அவ்விருபதாண்டில் நான்கு முறையே ஊர் வருவான். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு மகவு எனக்கொண்டால் நான்கு குழந்தைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்தோரின் சராசரி வாழ்நாள் 23 ஆண்டளவே. அம்மை, வாந்திபேதி, காய்ச்சல் எனப் பலவற்றுக்கும் இரையாகிப் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதியே இருபது வயதை எட்டின. எனவே, பிறக்கும் ஒரு குழந்தை ஆணாகவும் இருந்து, வளர்ந்து ஆளாகவும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு ஆகாமற் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று.

எட்டுக் குழந்தைகள் பிறந்த வீட்டில் ஒரு மகனும் எஞ்சாமற் போகும் வாய்ப்பு, முக்காலை எட்டு முறை பெருக்கினால் வரும் எண். அது நூற்றுக்குப் பத்து. நான்கே பிறந்த வீட்டில், முக்காலை நான்கு முறை பெருக்கவேண்டும். அது நூற்றுக்கு முப்பத்திரண்டு. கணவனும் மனைவியும் முழு நலத்தோடு இருக்க, எவரிடத்தும் எக்குறையும் இல்லாதிருக்க, கப்பல் பயணம் ஒன்றினாலேயே மூன்று வீட்டில் ஒரு வீடு மகனின்றிப் போகிறது! செல்வர் வீட்டில் குழந்தைச் சாவு சற்றுக் குறைவாக இருந்திருக்கும் எனக் கொண்டு எண்களைச் சிறிது மாற்றலாம். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மாறாது. சாபத்தையும் தோடத்தையும் துணைக்கு அழைக்க இங்கு இடமே இல்லை.

ஒரு தடை எழலாம். கப்பலேறியவர் ஏவலாட்களே, முதலாளிகளோ பெரும்பாலும் ஊரில் இருந்தனர், பிள்ளை கூட்டியவர்களுள் முதலாளிகளும் உண்டே என்பது அது. தக்க தடைதான். இதற்கு விடை சுவீகாரத்தின் இயல்பிலேயே உள்ளது. மகனில்லாத உழவன் பிள்ளை கூட்டுவதில்லை. அவனுக்கு ஆள ஆளில்லை என்று வருந்துவதற்குக் கடையும் இல்லை, கணக்கும் இல்லை. அண்ணன் மகன் கொள்ளிவைத்தால் அவன் கதை முடிந்தது. செல்வனுக்கு மகனில்லையெனில் கோயிலில் எழுதப்படும், ஊர் கூடும், சில வேளைகளில் வழக்குமன்றம் வரை போகும். எனவே மகனின்மை எல்லாக் குடியிலும் இருக்க, செல்வக் குடியில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆண்மகனின் பங்கு

அவ்வாறாயின் ஆண் மலட்டுத்தன்மை என்பதே அக்குலத்தில் இல்லையா எனின், உண்டு. எல்லாக் குலத்திலும் உள்ள அளவு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். அத்தகைய இணையருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது என்பது மருத்துவர் கருத்து. ஆண்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவில் விந்தில் உயிரணுவே இல்லாதிருக்கும். புறத்தோற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலியவனுக்கும் இருக்கும்; இல்லறத்தில் குறைவற்றவனுக்கும் இருக்கும். ஆண்மையும் கருவளமும் ஒன்றென எண்ணுவதே இப்பொருளில் நம்மிடையே நிலவும் முதற்பிழை.

உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆகும். விரை உடலின் பிற பகுதியைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருந்தால்தான் அது செம்மையாக நடைபெறும். அதனாலேயே இயற்கை அதனை உடலுக்கு வெளியே அமைத்தது. கடுங்காய்ச்சல் கண்டவனுக்கு இரண்டு மூன்று திங்கள் உயிரணு குறைந்து, பின் மீளும். பருவம் எய்தியபின் பொன்னுக்கு வீங்கி கண்டு விரையைத் தாக்கினால் நிலையான குறை ஏற்படவும் கூடும். விரையிலுள்ள குருதிநாளங்கள் புடைத்தல் இன்னொரு காரணம்; இதனை அறுவையால் சீர்செய்யலாம். ‘ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தால் வித்து வற்றிவிடும்’ என்று முதியோர் சொல்வதுண்டு. அஃது உண்மையன்று. உற்பத்தி நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கும். பழையது கழியும், புதியது வரும். பிரிவு வித்தைக் கெடுப்பதில்லை, நாளைத்தான் வீணாக்குகிறது. திங்கள்தோறும் கருத்தரிக்கத்தக்க நாட்கள் ஏறத்தாழ ஆறே. அந்நாட்களில் கணவன் கடலுக்கு அப்பால் இருப்பின் வித்து எத்தகையதாயினும் பயன் என்ன?

துறைமுக வாழ்க்கையின் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. வெட்டைநோய் உயிரணு செல்லும் நாளத்தை அடைத்துவிடக்கூடியது. ஊர் திரும்பியவனிடமிருந்து மனைவிக்குப் பரவி அவள் கருக்குழாயையும் அடைத்துவிடும். 1940களில் பெனிசிலின் பரவும் வரை இதற்கு உறுதியான மருந்து இல்லை. இஃது எக்குலத்துக்கும் தனியுரிமை அன்று; மாலுமி, படைவீரன், கங்காணி என வீடு விட்டு வெளியூரில் வாழ்ந்த ஆடவர் அனைவரிடத்தும் உலகெங்கும் இருந்தது. நோயைக் கொணர்ந்தவன் ஒருவன். ‘இவளுக்கு ஒரு குழந்தைக்குப்பின் வயிறு திறக்கவில்லை’ என்று பேச்சுக் கேட்டவள் இன்னொருத்தி.

முறைப்பெண்ணை மணந்ததே காரணம் என்போரும் உளர். மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தால் சில மரபுநோய்கள் குழந்தைகளிடம் வெளிப்படும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மையே. அதனை எவரும் மறைத்தல் கூடாது. ஆனால், உறவில் மணந்தோர் பிறரைவிட மிகுதியாக மலடாகின்றனர் என்பது ஆய்வுகளால் நிறுவப்படவில்லை. தென்னாட்டில் எத்தனையோ குடிகள் இவ்வாறே மணந்து பல்கிப் பெருகியுள்ளன.

இதற்கு நகரத்தார் குடியிலேயே சான்று வேண்டுமாயின், கவிஞர் கண்ணதாசன் வாழ்க்கையை நோக்கலாம். அவர் 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். முத்தையா என்பது பிள்ளைப் பெயர். பெற்றோர்க்குப் பத்துப் பிள்ளைகள், அவர் எட்டாவது. காரைக்குடியில் மகப்பேறில்லாத வீட்டுக்குச் சுவீகாரம் சென்று நாராயணன் ஆனார். ஒரே குலம், ஒரே மணமுறை. ஒரு வீட்டில் பத்து, மற்றொரு வீட்டில் ஒன்றுமில்லை. குலத்து வித்தே குறையுடையதாயின் சிறுகூடல்பட்டி வீடு எங்ஙனம் நிறைந்தது?

மலடியும் மலடனும்

‘மலடன்’ என்னும் சொல் அகராதியில் உண்டு. ஆனால் ஊர்ப்பேச்சில் அதனைக் கேட்பது மிக அரிது. ‘மலடி’ என்பதோ வசையாகவும் முறையீடாகவும் பட்டப்பெயராகவும் நாள்தோறும் வழங்கிவந்தது. ஒரு சொல்லுக்கு ஆண்பால் வடிவம் இருந்தும் வழக்கில் அது வழங்காமற் போனது ஏன் என்பது, மொழி பயிலும் மாணவர் சிந்திக்கத்தக்க செய்தி.

சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடைச் சட்டம் 1949இல் வந்தது. அதற்கு முன் மனைவி உயிரோடிருக்கவே மற்றொருத்தியை மணப்பது இந்துக்களுக்குச் சட்டப்படி குற்றமன்று. முதல் மனைவிக்குப் பிள்ளையில்லையெனில் இரண்டாம் மணம். அவளுக்கும் பிள்ளையில்லை. இவ்விடத்தில் சற்று நின்று எண்ணியிருந்தால் ஓர் உண்மை விளங்கியிருக்கும். இரு பெண்களும் மாற்றப்பட்டனர்; மாறாதவன் ஒருவன்; விளைவும் மாறவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையை வீட்டிலேயே செய்து முடித்தும் அதன் முடிவைப் படிக்கத் தெரியாமல், சோதிடரை அழைத்துச் சாதகம் பார்த்தனர், இராமேசுவரம் சென்றனர், ‘இவள் காலடி சரியில்லை’ என இரண்டாமவளையும் சேர்த்துத் தூற்றினர். இஃது ஒரு குலத்தின் கதையன்று. சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் நாம் அறிந்த கதையே.

இத்தனைக்கும் ஆணின் விந்தைச் சோதிப்பது எளிது. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக உயிரணுவை ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக் 1677இலேயே கண்டார். இன்று ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி உயிரணுக்கள் என்பது கீழ்வரம்பாகக் கொள்ளப்படுகிறது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளோடு ஒப்பிட்டால் இதற்கு வலியில்லை, செலவும் குறைவு. உயிரணு மிகக் குறைந்தவர்க்கும் ஓர் உயிரணுவை எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையால் பிள்ளைகள் பிறந்த செய்தி 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. ஆயினும் இன்றும் மருத்துவரிடம் முதலில் தனியே அனுப்பப்படுபவள் மருமகளே.

மகன் என்னும் பிணை

மகன் ஏன் அத்துணை இன்றியமையாதவன் ஆனான்? நீர்க்கடன் செய்வதற்கு என்பர். அஃதோடு பணக்கடனும் உண்டு. நம் சிவகிரி ஜமீன் தொடர்பான வழக்கொன்று இதனைத் தெளிவாக்கும். முத்தையன் செட்டியார் என்பார்க்கும் ஜமீன்தார் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார்க்கும் இடையே நடந்த அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1882இல் தீர்ந்தது. தந்தை பட்ட கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீன் சொத்துப் பொறுப்பாகுமா என்பது வினா. ஒழுக்கக்கேடான செலவுக்காகப் பட்ட கடனாக இல்லாதவரை பொறுப்பாகும் என்பது விடை. இந்தியச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. மகன் இருக்கிறான் என்பதே கடன் கொடுப்பவனுக்கு ஒரு நம்பிக்கை என்பது இதனால் பெறப்படும். உண்டியலும் கைமாற்றும் வாய்ச்சொல்லில் நடந்த வணிகத்தில், ‘இவர்க்குப் பின் யார்?’ என்னும் வினாவுக்கு விடையில்லாத கடையில் எவரும் பணம் போட்டுவைக்கத் தயங்குவர்.

ஆதலின் பிள்ளை கூட்டுதல் அவர்க்கு வணிகத் தேவையும் ஆயிற்று. கூட்டும் பிள்ளை அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளையாக இருத்தல் வேண்டும். சப்பானிய வணிகக் குடும்பங்களில் திறமையுள்ள பணியாளனுக்கு மகளைக் கொடுத்து, அந்த மருமகனையே மகனாகத் தத்தெடுத்துக் கடையை ஒப்படைப்பது பெருவழக்கு. மகன் இருக்கும்போதே அவ்வாறு செய்ததும் உண்டு. நகரத்தார்க்கு இவ்வழி அடைபட்டிருந்தது. மருமகன் வேறு கோயிலார். அவன் மகனாக முடியாது. இத்தாலியின் வெனிசு நகரத்து வணிகப் பிரபுக்களோ நேர்மாறான வழியைக் கைக்கொண்டனர். சொத்துச் சிதறாமலிருக்க உடன்பிறந்தாருள் ஒருவனை மட்டும் மணம் செய்வித்து மற்றவரை மணமின்றி நிறுத்தினர். பதினாறாம் நூற்றாண்டில் இருந்ததில் பாதிக்கும் குறைவான எண்ணிக்கையினராக 1797இல் அவர்தம் குடியரசோடு அவர்கள் ஆட்சியும் முடிந்தது. அங்கும் ஆண்மகனிடம் குறையில்லை, மணமுறையிலேயே குறை.

கணவன் அயல்நாட்டில் இறந்துபட, பிள்ளை கூட்டும் பொறுப்புக் கைம்பெண்ணின் தலையில் விழுந்த வீடுகளும் உண்டு. இராமநாதபுரம் சேதுபதி வழக்கில் 1868இல் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பு இதற்கு வழிவகுத்தது. கணவனின் முன் அனுமதி இல்லாவிடினும், அவன் பங்காளிகளின் இசைவோடு கைம்பெண் சுவீகாரம் செய்யலாம் என்பது தமிழகத்தில் சட்டமாயிற்று. இசைவு என்பது எளிதில் கிடைப்பதா? பிள்ளை இல்லையெனில் சொத்து யாருக்குப் போகுமோ, அவர்களிடமே சென்று இசைவு கேட்கவேண்டும்!

பிற வணிகர்

இதே கடலில் இதே காலத்தில் சென்ற வேறு தமிழ் வணிகரும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முசுலிம்கள் கொழும்புக்கும் பிற துறைகளுக்கும் மணி, முத்து, துணி வாணிகத்தின் பொருட்டுச் சென்றனர். பிரிவு அவர்க்கும் இருந்தது. மகனில்லா வீடுகளும் இருந்திருத்தல் வேண்டும். ஆனால் சுவீகாரம் என்னும் பேச்சு அங்கு எழவில்லை. வளர்ப்பு மகன் பெற்ற மகனாக மாட்டான் என்பது திருக்குர்ஆனின் முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ஆணை. அநாதையை எடுத்து வளர்க்கலாம், அவனை அவன் தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும். மகனின்றி மகள் ஒருத்தியே இருப்பின் அவளுக்குச் சொத்தில் பாதி. இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின் மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சியது உடன்பிறந்தார் முதலிய உறவினர்க்கு. காயல்பட்டினத்தில் மணமகன் மனைவி வீட்டில் வாழ்வதும், வீட்டை மகளுக்கே கொடுப்பதும் வழக்கம். கணவன் கடல் கடந்தாலும் அவள் தன் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். ஆகவே ஒரே வகையான பிரிவு ஒரு குடியில் பிள்ளை கூட்டுதலாகவும், மற்றொரு குடியில் மகளின் வீடாகவும் வடிவெடுத்தது. சுவீகாரத்தின் எண்ணிக்கையை வைத்து ஆண்களின் கருவளத்தை அளக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடையநல்லூர் நம் அண்டை ஊர். அங்கிருந்து சிங்கப்பூர் சென்ற நெசவாளர் குடும்பத்தார் பெருவணிகர் அல்லர். ஆயினும் ஒன்றில் அவர்கள் பெருவணிகரை விஞ்சினர். மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றனர். தஞ்சோங் பாகர் பகுதியில் அப்பெண்கள் மசாலை அரைத்து விற்று வருவாயும் ஈட்டினர். தொல்காப்பிய வழக்கை முறித்தவர்கள் அவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நகரத்தாரின் கடற்பிரிவு 1941 திசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசியதோடு முறியத் தொடங்கியது. 1942இல் பல்லாயிரம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர். பர்மா விடுதலை பெற்ற 1948இல் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1964இல் எஞ்சிய கடைகளும் போயின. கணவன்மார் ஊர் திரும்பினர்; அடுத்த தலைமுறையினர் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் தொழில் தொடங்கியபோது மனைவியரும் உடன் சென்றனர். பெருவீடுகள் பூட்டப்பட்டன. மூன்றாண்டுத் தவணை என்பது கணக்கேட்டில் மட்டும் எஞ்சியது.

சட்டமும் மாறியது. 1956ஆம் ஆண்டு இந்து சுவீகாரச் சட்டம் மகளையும் தத்தெடுக்கலாம் என்றது. மனைவியின் இசைவின்றிக் கணவன் தத்தெடுத்தல் செல்லாது என்றது. கைம்பெண் எவர் இசைவையும் நாடாமல் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றது. மணமான பெண் கணவனின் இசைவோடு தானே தத்தெடுக்கும் உரிமையைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.